ஆறு பைகள், ஒரு மீன் பெட்டி: மாடியில் காய்கறி வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

சென்னையில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு வெள்ளைக் குழாய்ச் சட்டம் நிற்கிறது. அதில் முப்பத்தாறு துளைகள். இப்போது அதன்மேல் துண்டும் போர்வையும் காய்கின்றன. அது என்னுடையதுதான். மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கலாம் என்ற ஆசையில், செடி வளர்ப்பில் அரிச்சுவடியும் தெரியாத காலத்தில் வாங்கியது. மே மாதத்தில் ஒரு பிற்பகல் மூன்று மணி நேரம் மின்சாரம் போனது. பம்பு நின்றது, குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த விரல் தடிமன் நீரும் வற்றியது. மாலையில் வீடு திரும்பி மாடியேறிப் பார்த்தபோது அத்தனை லெட்டூஸும் அவித்த கீரைபோலத் தொங்கிக் கிடந்தன.

அதனால் குழாயைப் பற்றிக் கடைசியில்தான் பேசப்போகிறேன். முதலில் ஆறு பைகள், அவற்றில் கை பழகிய பிறகு மீன் கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி. வேர் தண்ணீர் குடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது மூச்சும் விடுகிறது என்பதை நம்மில் பலர் நாலைந்து செடிகளைக் கொன்ற பிறகே கற்றுக்கொள்கிறோம். பையானாலும் பெட்டியானாலும் கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதி, வேருக்குக் காற்று போக வழி செய்வதுதான்.

மாடியைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கும், பன்னிரண்டுக்கும், மாலை நான்குக்கும் மாடிக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கத்தரி, வெண்டை, தக்காளி போன்ற காய்ச்செடிகளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று, நான்கு மணி நேரம் போதும். பால்கனி மட்டும்தான் என்றால் காய்ச்செடி ஆசையை விட்டுவிட்டுக் கீரையோடு நின்றுகொள்வது நல்லது.

அடுத்தது எடை. ஏறி நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பயன்பாட்டுச் சுமையைக் கணக்கில் கொள்வது இந்தியக் கட்டுமான விதி. ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பையில் நார்க்கழிவுக் கலவையை நிரப்பி நனைத்தால் 12 முதல் 15 கிலோ வரை வரும். அதையே வெறும் செம்மண்ணால் நிரப்பினால் 25 கிலோவைத் தாண்டிவிடும். ஆறு பைகளுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தோட்டம் பெருகும், பெருகாமல் இருந்தவர்களை நான் பார்த்ததில்லை. ஆகவே தொடக்கத்திலேயே பைகளைச் சுவரோரமாக, உத்திரம் ஓடும் இடங்களின்மேல் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

பைகளைத் தரையில் நேராக வைக்கவே கூடாது. செங்கல்லோ இரும்புத் தாங்கியோ வைத்து அரை அடி தூக்கி நிறுத்தினால் அடியில் பெருக்கலாம், தரையும் காயும். கீழ்வீட்டுக்காரர் கூரையில் ஈரம் கசிகிறது என்று புகார் சொல்லவும் இடமிருக்காது. எங்கள் கட்டடத்தில் எனக்கு மாடியில் இடம் கிடைத்ததே இந்த வாக்குறுதியின் பேரில்தான்.

நார்க்கழிவைக் கழுவுங்கள்

தென்னை நார்க்கழிவு, கடைகளில் கோகோபீட் என்ற பெயரில் ஐந்து கிலோ கட்டியாகக் கிடைக்கும். பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருவது. ஒரு பெரிய தொட்டியில் போட்டு 25, 30 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் உப்பி அறுபது லிட்டருக்கு மேல் வரும். ஆனால் அதை அப்படியே பையில் போடக்கூடாது, அதில் உப்பு இருக்கிறது.

நான் செய்வது இதுதான். ஊறிய நார்க்கழிவைக் கொசுவலைத் துணியில் அள்ளி, வாளி நீரில் அமுக்கி எடுப்பேன். முதல் வாளியில் தண்ணீர் கடும் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும். இரண்டாவதில் தேநீர் நிறம், மூன்றாவதில் வெளிறிய மஞ்சள். நீரில் கரைந்த உப்பின் அளவை எண்ணாகக் காட்டும், முன்னூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் ஒவ்வொரு வாளியிலும் முக்கிப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்து, ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்கு அருகில் வந்ததும் நிறுத்தலாம். முதல் முறை எனக்கு இந்தப் பொறுமை இருக்கவில்லை. முளைத்த வெண்டை நாற்றுகளின் இலை விளிம்புகள் பத்தே நாளில் பீடி நுனிபோலக் கருகின. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் இந்தக் கழுவலுக்கு அருமையாகப் பயன்படும், அதில் உப்பு கிடையாது.

கழுவியதைப் பிழிந்து, ஒரு கட்டிக்கு இருபது கிலோ மண்புழு உரம், ஒரு கூடை செம்மண், அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கு என்று கலந்தால் ஆறு பைகளுக்குச் சரியாக வரும். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் சத்து கிடையாது. சாப்பாடு முழுவதும் உரத்திலிருந்துதான். கையளவு டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்தால் வேரழுகல் குறையும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை (கிட்) கிடைத்தால் பை, நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலகத்தில் இருப்பு உண்டா என்று கேளுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம், கட்டை விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒழுகினால் ஈரம் மிகுதி. உருண்டையே பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை.

பையின் அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று பலரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். நுண்ணிய கலவையிலிருந்து பெரிய கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேர் இருக்க வேண்டிய இடத்தில் சேறு இருக்கும். துளைகள் திறந்திருந்தால் போதும், அவற்றைக் கம்பியால் குத்திச் சரிபாருங்கள்.

எதை, எப்போது

முதல் ஆறு பைகளை நான் இப்படிப் பிரிப்பேன்: இரண்டில் கீரை, ஒன்றில் புதினா, ஒன்றில் மிளகாய், ஒன்றில் கத்தரி, ஒன்றில் வெண்டை. தக்காளி இல்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் தக்காளியில்தான் தொடங்குகிறார்கள், பெரும்பாலோர் அதில்தான் மனம் உடைகிறார்கள். கோடையில் இரவும் வெக்கையாக இருந்தால் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும். அதை ஆவணி கழிந்து வைத்துக்கொள்ளலாம்.

வெந்தயக்கீரை விதைத்த இருபது நாளுக்குள் தட்டுக்கு வந்துவிடும். சமையலறை வெந்தயமே விதை. சிறுகீரைக்கு 25 நாள். அரைக்கீரை முதல் அறுப்புக்கு ஒரு மாதம் எடுக்கும், பிறகு அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்துக்கொண்டே போகலாம். கொத்தமல்லி விதையைச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் போட வேண்டும். புதினாவுக்கு விதை வாங்கவே வேண்டாம். காய்கறிக் கடையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த நான்கு தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் கணுக்களில் வெள்ளை வேர் கிளம்பும். அந்த டம்ளர்தான் உங்கள் முதல் ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லா வளர்ப்பு.

வெண்டையை நேராகப் பையில் ஊன்றலாம், நாற்பத்தைந்து நாளில் முதல் காய். மஞ்சள் நரம்புத் தேமல் நோய் இந்தச் செடியைப் பாடாய்ப் படுத்தும். அதைத் தாங்குவதற்கென்று பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கிய அர்கா அனாமிகா போன்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கத்தரியும் மிளகாயும் குழித்தட்டில் முளைத்து, நாலைந்து வாரம் கழித்து மாலை நேரத்தில் பைக்கு இடம் பெயர வேண்டும். ஒரு பைக்கு ஒரு செடிதான். இரண்டு வைத்தால் இரண்டும் அரைகுறையாக வளரும். சுரை, பீர்க்கன் போன்ற கொடிகளுக்கு இந்தப் பை போதாது. நாற்பது லிட்டர் டிரம்மும் பந்தலும் வேண்டும். மாடியில் வண்டு குறைவு என்பதால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டும் விட வேண்டியிருக்கும். சுரைக்கும் பீர்க்கனுக்கும் பூ மாலையில் விரியும், பாகலுக்கும் பூசணிக்கும் காலையில்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். காய்ச்செடிகளுக்கு ஆடி, அதை விட்டால் தை. ஐப்பசி அடைமழையில் விதைத்தால் சிறுவிதைகள் கரைந்துபோகும்.

தண்ணீர் ஊற்றும் கலை

விரலை இரண்டாம் கணு வரை பைக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள், காய்ந்திருந்தால் அடியில் சொட்டும் வரை ஊற்றுங்கள். இதில் சுருக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது. தினமும் மேலாக ஒரு குவளை தெளிப்பது மிக மோசமான பழக்கம். மேல்மண் நனைந்திருக்கும், கீழே வறண்டிருக்கும், வேர் மேலுக்கு வந்து வெயிலில் வேகும். கத்திரி வெயில் நாட்களில் காலை ஆறு, ஏழு மணிக்கு ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் ஊற்ற வேண்டும். ஐம்பது சதவீத நிழல்வலையும் கட்ட வேண்டும். கார்த்திகை மழையில் வேலை தலைகீழ்: பைகளைச் சற்றுச் சாய்த்து வைத்து, துளை அடைத்திருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் உயரமான செடிகளைச் சுவர் மூலைக்கு இறக்கி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பைக்கும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்துப் பங்கு நீரில் கரைத்து ஊற்றினால் செடி துள்ளும். நாற்றத்துக்கு அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம், அதன் வாடை விரைவில் போய்விடும்.

பூச்சியில் அதிகம் தொல்லை தருவது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் மேலே எங்கோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று பொருள். இவை சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் காவல் நிற்கும். பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும். அணிலுக்கு என்னிடம் மருந்து இல்லை. வலை கட்டுங்கள், அல்லது பங்கு கொடுங்கள்.

மீன் பெட்டி

பைகளில் இரண்டு பருவம் ஓட்டிய பிறகு மண்ணில்லா வளர்ப்புக்கு வரலாம். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937-இல் பரப்பியவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொட்டி நீரில் தக்காளி வளர்த்துக் காட்டிய கெரிக். நமக்கு உதவப்போவது ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு கிராட்கி எளிமைப்படுத்திய முறை. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை.

உள் ஆழம் ஒரு சாண் உள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்றை மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ கேட்டு வாங்குங்கள். சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் காயவிட்டால் வாடை போகும். தெர்மாகோல் வெப்பத்தை உள்ளே விடாது, சென்னைக்கு அதுதான் வேண்டும். உள்ளே கறுப்புப் பாலித்தீன் தாளை விரியுங்கள். ஒளி புகுந்தால் பாசி பிடித்து உரத்தைத் தின்றுவிடும். மூடியில் இரண்டு அங்குல நெட் பாட் (வேர் வெளியே வரும்படி ஓட்டைகள் உள்ள சிறு பிளாஸ்டிக் கிண்ணம்) பொருந்தும்படி ஆறு வட்டங்கள் வெட்டுங்கள். துளை ஒரு நூல் சிறியதாக இருப்பதே நல்லது, கிண்ணம் இறுக உட்காரும்.

இனித் தண்ணீர். ஆழ்குழாய் நீரை மீட்டரில் பாருங்கள். பல பகுதிகளில் 1000-ஐத் தாண்டும். கீரைக்கு உரம் சேர்த்த பிறகே 600 முதல் 900 வரைதான் இருக்க வேண்டும், அப்படியிருக்க வெறும் தண்ணீரே அதற்குமேல் நின்றால் உரம் போட இடமேது? மழைநீரோ ஆர்.ஓ. வடிகட்டிய நீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவு நீரைத் தொடவே வேண்டாம்.

மண்ணில்லா வளர்ப்புக்கான உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டில்களாக விற்கும். ஏன் இரண்டு என்று அலட்சியமாக நினைத்து நான் இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றினேன். திரிந்த பால்போல அடியில் வெள்ளையாகப் படிந்தது. கால்சியமும் சல்பேட்டும் செறிவாகச் சந்தித்தால் ஜிப்சமாக இறுகிவிடும், பாஸ்பேட்டோடும் அப்படித்தான். அதன்பின் செடிக்கு அது உதவாது. பெட்டியில் முதலில் 25 லிட்டர் நீர், அதில் ஏ, நன்றாகக் கலக்கிய பிறகு பி. அளவைப் பாட்டில் சீட்டில் உள்ளபடி தொடங்கி மீட்டரில் சரிபாருங்கள். உரக் கடையில் மலிவாகக் கிடைக்கும் 19:19:19 இதற்கு ஆகாது. அதிலுள்ள நைட்ரஜனில் பாதிக்குமேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும், பெட்டியில் அந்த வேலைக்குப் போதிய ஆள் இல்லை.

கரைசலின் பி.ஹெச்., அதாவது அமில-கார அளவை, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டுமருந்தால் சோதித்து 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் வையுங்கள். கூடுதலாக இருந்தால் பாஸ்பாரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக. கையுறை போட்டுக்கொண்டு, அமிலத்தைத்தான் நீரில் விட வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல.

ஓர் அங்குல ஸ்பாஞ்சுத் துண்டில் விதைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளான நாற்றைக் கிண்ணத்தில் வைத்து மூடியில் இறக்குங்கள். கிண்ணத்தின் அடி ஒரு சென்டிமீட்டர் மட்டும் நீரில் தொட வேண்டும். பாலக்கீரை, வள்ளைக்கீரை, புதினா எப்போதும் வரும். லெட்டூஸ் மார்கழியிலும் தையிலும் மட்டும். வெயில் ஏறினால் கசந்து பூத்துவிடும்.

பிறகு சும்மா இருக்க வேண்டும், அதுதான் கடினம். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். இரண்டாம் வாரம் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நீருக்கு மேலே நிற்கும் வேர்ப்பகுதியில் பூனை மயிர்போல மெல்லிய வெள்ளை இழைகள் அடர்ந்திருக்கும். அவை ஈரக் காற்றில் மூச்சு வாங்கும் வேர்கள். நீர் குறைந்துவிட்டதே என்று பதறி நான் விளிம்பு வரை நிரப்பினேன். அந்த வேர்கள் மூழ்கின, மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. சுற்றிலும் தண்ணீர், நடுவில் வாடிய செடி. நீர் தீரும் நிலை வந்தால் பாதி ஆழத்துக்குமேல் நிரப்பாதீர்கள். செடிக்கு நான்கு லிட்டர் கணக்கில் ஊற்றியிருந்தால் பெரும்பாலும் அறுவடை வரை நிரப்பத் தேவையே வராது.

கொசு விஷயத்தில் கவனம். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய நல்ல நீர் போதும். மூடியின் இடைவெளிகளை டேப்பால் ஒட்டுங்கள், காலியான துளையில் ஸ்பாஞ்சு அடையுங்கள். மாநகராட்சிச் சுகாதாரப் பணியாளர் வந்தால் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்.

கரைசல் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், வேர் பழுப்பேறிக் குழகுழக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பெட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். அல்லது என்னைப்போல அந்த இரண்டு மாதம் பெட்டிக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

குழாய்ச் சட்டம் கெட்ட பொருள் அல்ல. பம்புக்கு மாற்று மின்சாரமும், வெள்ளை நிழல்வலையும், தினமும் மாடியேறும் ஆளும் இருந்தால் அது நன்றாகவே நடக்கும். பெட்டியில் நான்கு முறை லெட்டூஸ் எடுத்தவர் அதை வாங்கலாம். என்னுடையது வேண்டுமென்றால் போர்வைகளை எடுத்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.

அறுவடை முடிந்து பெட்டியில் மிஞ்சும் கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதே அளவு நீர் கலந்து பைகளுக்கு ஊற்றுங்கள். போன தை மாதம் கடைசி லெட்டூஸை எடுத்த பிறகு மிஞ்சிய ஐந்து லிட்டர், எங்கள் கத்தரிச் செடிக்குப் போனது. அது இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது.